கார் டயர்ல காத்து: பாக்குறது வீட்டுல, அடிக்கிறது பல்க்ல (செட்டிநாட்டுப் பக்கம் வண்டி வச்சிருக்கவங்களுக்கு முழு வழிகாட்டி)

நம்ம பக்கம் கார் ரெண்டு விதமா இருக்கு. ஒண்ணு தினமும் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்னு ஓடிட்டே இருக்குறது. இன்னொண்ணு பெரிய வீட்டுப் பின்பக்க செட்டுல கவர் போட்டு நிக்கிறது, வீட்டுக்காரங்க சென்னையிலயோ சிங்கப்பூர்லயோ இருப்பாங்க, கல்யாணம், படைப்பு, கும்பாபிஷேகம்னு வந்தா மட்டும் கவர உருவி தூசி தட்டி ஸ்டார்ட் பண்ணி நேரா திருச்சி ரோட்ட புடிச்சிருவாங்க. முதல் வண்டிக்கு ஓடி ஓடி காத்து குறையுது, ரெண்டாவதுக்கு நின்னு நின்னே குறையுது. ஆனா ரெண்டு பேரும் பண்றது ஒண்ணுதான், பெட்ரோல் பல்க்ல நிப்பாட்டி "தம்பி, காத்து பாத்து வைப்பா"ன்னு சொல்லிட்டு போன நோண்டுறது. அந்தத் தம்பி என்ன வைப்பாப்ல? முன்னாடி வந்த வண்டிக்கு என்ன வச்சாரோ அதைத்தான் வைப்பாப்ல, அவர குத்தம் சொல்லி பிரயோஜனம் இல்ல, உங்க வண்டிக்கு எவ்வளவுன்னு நீங்கதான சொல்லணும்.

காத்த பாக்குறது வீட்டுல, காலையில, வண்டி நகர்றதுக்கு முன்னாடி, சொந்த கேஜ்ல (டயர் காத்த அளக்குற சின்னக் கருவி). பல்க்குக்குப் போறது அடிக்க மட்டும்தான். ஏன் இப்படிப் பிரிச்சு சொல்றேங்குறது கீழ படிக்கப் படிக்கத் தெரியும்.

உங்க வண்டிக்கு எவ்வளவு

டிரைவர் பக்கக் கதவ திறங்க. சீட் பெல்ட் வர்ற அந்தத் தூணுல கீழ ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அங்க இல்லன்னா கதவோட ஓரத்துல பாருங்க, அதுவும் இல்லன்னா பெட்ரோல் டேங்க் மூடிக்கு உள்பக்கம் இருக்கும், எங்கயும் காணோம்னா வண்டியோட வந்த மேனுவல் புக்குல கண்டிப்பா இருக்கும். அதுல டயர் சைஸ், முன் டயருக்கு எவ்வளவு, பின் டயருக்கு எவ்வளவு, ஆள் கம்மியா இருந்தா எவ்வளவு, ஃபுல் லோடுன்னா எவ்வளவுன்னு தனித்தனியா போட்டிருப்பான். அதை போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கங்க.

நம்ம ஊர்ல ஓடுற சின்ன கார் பெரும்பாலும் 30லருந்து 35 பிஎஸ்ஐக்குள்ள வரும், பிஎஸ்ஐங்கறது காத்தோட அழுத்தத்த அளக்குற அலகு. அதுக்காக பக்கத்து வீட்டு வண்டி நம்பர உங்க வண்டிக்கு வைக்காதீங்க. ஒரே மாடல்லயே டயர் சைஸ் மாறுனா நம்பரும் மாறும்.

ஸ்டிக்கர்ல பிஎஸ்ஐ இல்லாம கிலோபாஸ்கல்லயோ பார்லயோ போட்டிருந்தா பயப்பட வேண்டாம், 1 பார்னா 14.5 பிஎஸ்ஐ, 100 கிலோபாஸ்கல்தான் 1 பார். 220 கிலோபாஸ்கல்னு இருந்தா 32 பிஎஸ்ஐ, 2.3 பார்னா 33க்கு கொஞ்சம் மேல.

இன்னொரு நம்பர் இருக்கு, அதுலதான் நெறைய பேர் ஏமாந்து போறாங்க. டயர் பக்கவாட்டுலயே 44, 51னு ஏதாவது ஒரு பிஎஸ்ஐ அச்சடிச்சிருக்கும். அது அந்த டயர் தாங்குற உச்ச அளவு, உங்க வண்டிக்கு வைக்க வேண்டிய அளவு இல்ல. டயர் செஞ்சவனுக்கு அது எந்த வண்டியில ஏறப்போகுதுன்னே தெரியாது. அந்த நம்பருக்கு அடிச்சிட்டுப் போனா வண்டி தூக்கித் தூக்கிப் போடும், பிரேக் அடிச்சா ரோட்ட சரியா புடிக்காது, டயர் நடுப்பக்கம் மட்டும் தேயும்.

கேஜ் ஒண்ணு வாங்கிருங்க

கால்ல எத்திப் பாக்குறது, கட்டவிரலால அமுக்கிப் பாக்குறது, தள்ளி நின்னு கண்ணால அளக்குறது, இதெல்லாம் லாரி டிரைவர் அனுபவத்துல பண்றது, காருக்கு ஆகாது. இப்ப வர்ற ரேடியல் டயர் சரியான காத்துலயே அடியில லேசா பிதுங்கித்தான் தெரியும். 33 இருக்குற டயரையும் 26 இருக்குற டயரையும் பக்கத்துல பக்கத்துல வச்சாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியுறது கஷ்டம்.

கேஜ் சில நூறு ரூபாதான். பேனா மாதிரி குச்சி வெளிய வர்றது இருக்கு, முள்ளு டயல் இருக்கு, டிஜிட்டல் இருக்கு. வயசானவங்களுக்கு டிஜிட்டல் வசதி, லைட் எரியும், நம்பர் பெருசா தெரியும், ஆனா வண்டிக்குள்ள வெயில்ல போட்டு வச்சா பேட்டரி கெட்டுப்போகும், அதனால வீட்டுக்குள்ள வைங்க. என் ஓட்டு முள்ளு டயலுக்கு. எத வாங்குனாலும் முக்கியம் ஒண்ணு, எப்பவும் அதே கேஜ்லயே பாருங்க. ரெண்டு கேஜ் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாது, ஒரே கேஜ்ல பாத்தாதான் போன மாசத்துக்கும் இந்த மாசத்துக்கும் என்ன குறைஞ்சதுன்னு தெரியும்.

காலையிலதான் பாக்கணும், ஏன்னா

வண்டி கம்பெனிக்காரன் சொல்ற நம்பர் எல்லாமே டயர் ஆறியிருக்கும்போது உள்ள நம்பர். ஆறியிருக்குன்னா வண்டி குறைஞ்சது 3 மணி நேரமாச்சும் நின்னுருக்கணும், இல்லன்னா ஒண்ணு ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல ஓடியிருக்கக் கூடாது. ஓடும்போது டயர் மடங்கி மடங்கி நிமிருது, அதுல சூடாகுது, உள்ள இருக்குற காத்து விரியுது, நம்பர் ஏறுது. கொஞ்ச தூரம் ஓட்டுனாலே 3லருந்து 5 பிஎஸ்ஐ வரைக்கும் கூட காட்டும்.

இதுல நம்ம ஊரு வெயில் வேற சேருது. வெளிச் சூடு 10 டிகிரி ஏறுனா டயர்ல ஒன்றரை, ரெண்டு பிஎஸ்ஐ ஏறும். சித்திரையில விடியக்காலம் பாத்தா ஒரு நம்பர், அதே வண்டிய நகத்தாம மத்தியானம் 40 டிகிரில பாத்தா வேற நம்பர். வண்டி ஒரு பக்கம் நெழல்லயும் ஒரு பக்கம் வெயில்லயும் நின்னா ரெண்டு பக்கமும் ஒத்துவராது, அத பாத்துட்டு ஒரு டயர் லீக்குன்னு முடிவு பண்ணிறாதீங்க.

இப்ப யோசிங்க. கானாடுகாத்தான்லயோ பள்ளத்தூர்லயோ வீடு, காத்து அடிக்க காரைக்குடிக்கு வர்றீங்க, பத்து பதினஞ்சு கிலோமீட்டர் மத்தியான வெயில்ல ஓட்டியாச்சு. பல்க்ல வச்சு பாத்தா 33 காட்டுது, ஆகா சரியா இருக்குன்னு திரும்பிப் போறீங்க. வீட்டுல ராத்திரி ஆறுனதும் அது 29க்கு வந்து நிக்கும். இதவிட மோசம் என்னன்னா, உங்க டயர் ஒழுங்கா ஆறுன நிலையில 33 இருந்து, பல்க்ல சூட்டுல 37 காட்டி, "கூட இருக்குண்ணே"ன்னு தம்பி 4 எறக்கி விட்டா, நல்லா இருந்த டயர நீங்களே கெடுத்துட்டு வந்ததாகும். சூடா இருக்குற டயர்லருந்து காத்த எறக்கவே கூடாது. சூட்டுலயும் நம்பர் குறைவா காட்டுனா மட்டும் அது நெசமாவே குறைவு, உடனே அடிங்க.

பாக்குற விதம்

சமதளத்துல வண்டி நிக்கணும், ஹேண்ட்பிரேக் போட்டிருக்கணும். வால்வு மூடிய கழட்டி சட்டைப் பாக்கெட்ல போடுங்க, கீழ வச்சா செம்மண்ணுல உருண்டு போயி தேட வேண்டியிருக்கும், அதோட மண்ணு ஒட்டுன மூடிய திரும்பப் போட்டா அந்த மண்ணு வால்வுக்குள்ள போகும். வால்வு வாயில தூசி இருந்தா துணியால தொடச்சிருங்க.

கேஜ நேரா வச்சு ஒரே அமுக்கா அமுக்குங்க. புஸ்ஸுன்னு சத்தம் தொடர்ந்து வந்தா சரியா உக்காரல, காத்து வெளிய போகுது, அந்த நம்பர நம்பாதீங்க. எடுத்துட்டு திரும்ப வைங்க. ரெண்டு தடவை ஒரே நம்பர் வந்தா அதுதான் நம்பர். நாலு டயருக்கும் பாத்து எழுதிக்கங்க, முன் இடது இவ்வளவு, முன் வலது இவ்வளவுன்னு, மனசுல வச்சுக்கலாம்னா நாலாவது டயர் வர்றதுக்குள்ள முதலாவது மறந்துபோகும். எழுதுன பேப்பர்ல பக்கத்துலயே எவ்வளவு பத்தலங்கறதையும் எழுதுங்க, 33 வேணும் 28 இருக்கு, அப்ப 5 பத்தல. பல்க்குக்குக் கொண்டு போக வேண்டியது இந்தப் பத்தாத கணக்கத்தான்.

எத்தன நாளைக்கு ஒருக்கா? நல்ல டயர்லயே மாசத்துக்கு 1லருந்து 2 பிஎஸ்ஐ தானா குறையும், ரப்பர் வழியாவே கசியும். தினமும் ஓட்டுறவங்க ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா பாத்தா நல்லது, கொறஞ்சது மாசம் ஒருக்கா, அப்புறம் எந்த நீண்ட பயணத்துக்கும் முன்னாடி. ஐப்பசி மழை ஆரம்பிச்சதும் ஒருக்கா, மார்கழிப் பனியில ஒருக்கா கட்டாயம் பாருங்க, கோடையில அடிச்ச காத்து குளிர்ல சுருங்கிப்போயி குறைவா நிக்கும்.

பல்க்ல என்ன சொல்லணும்

காலையிலயே எழுதி வச்ச பேப்பர எடுங்க. பல்க்ல முதல்ல அவங்க மிஷின்ல என்ன காட்டுதுன்னு பாருங்க. வீட்டுல 28 காட்டுன டயர் இங்க சூட்டுல 31 காட்டுதுன்னு வச்சுக்குவோம். உங்களுக்கு 5 பத்தல, அப்ப 31 கூட 5, 36ல நிப்பாட்டச் சொல்லுங்க. "33 வைங்க"ன்னு சொன்னா அவர் 2 தான் அடிப்பாரு, மறுநா காலையில 30ல நிக்கும். இந்த முறையில இன்னொரு லாபம், அவங்க மிஷின் கூடக் குறைய காட்டுனாலும் பரவாயில்ல, ஏன்னா நீங்க கூட்ட வேண்டிய அளவத்தான் பாக்குறீங்க.

மறுநா காலையில உங்க கேஜ்ல ஒருக்கா பாத்து, கூட இருந்தா வால்வு நடுவுல இருக்குற பின்ன கேஜ் பின்பக்க முனையால லேசா அமுக்கி எறக்கிக்கங்க. அதனால பல்க்ல ஒண்ணு ரெண்டு கூடவே அடிச்சாலும் நஷ்டம் இல்ல, வீட்டுல எறக்கலாம், ஏத்தத்தான் முடியாது.

பல்க்ல காத்து இலவசம், எண்ணெய் போட்டாதான் அடிப்பேன்னு யாரும் சொல்ல முடியாது, அது பல்க் நடத்துறவங்க குடுத்தே ஆகவேண்டிய வசதி. அடிச்சு விட்ட தம்பிக்கு பத்து ரூபா குடுக்குறது உங்க இஷ்டம், நான் குடுப்பேன்.

பல்க் தூரமா இருக்குற கிராமத்துக்காரங்க 12 வோல்ட் இன்ஃப்ளேட்டர் (வண்டி கரண்ட்ல காத்து அடிக்கிற சின்ன மிஷின்) ஒண்ணு வாங்கி வச்சா இந்தக் கணக்கே வேணாம். காலையில ஆறுன டயர்ல, செட் வாசல்லயே, நம்பர செட் பண்ணி விட்டா அதுவே நின்னுக்கும். என்ஜின ஓடவிட்டு அடிங்க, இல்லன்னா பேட்டரி எறங்கும், என்ஜின் ஓடும்போது செட் கதவு தெறந்திருக்கணும், புகை உள்ள தங்கக்கூடாது. ரெண்டு டயர் அடிச்சதும் மிஷினுக்கு கொஞ்சம் ஓய்வு குடுங்க, அந்தச் சின்ன மோட்டார் சீக்கிரம் கொதிச்சிரும்.

லோடு ஏத்துனா கணக்கு மாறும்

இத நம்ம பக்கம் யாருமே பாக்குறதில்ல. ஆளுக்கு ஒருத்தரா ஏறி ஏழு பேர் வண்டியில எட்டு பேர், டிக்கியில முறுக்கு, சீப்பு சீடை, மனகோலம்னு பலகாரத் தூக்கு, அதுக்கு மேல சீர் சாமான், எவர்சில்வர் பாத்திரம். இல்லன்னா வெளியூர்லருந்து வந்தவங்க தரையில பதிக்கிற ஆத்தங்குடி கல்ல பாத்து ஆசைப்பட்டு ரெண்டு ரூமுக்கான கல்ல டிக்கியிலயே ஏத்திட்டுக் கெளம்புறாங்க. அது சிமெண்டும் மணலும் போட்டு வார்த்த கல்லு, பாக்க மெல்லிசா இருந்தாலும் அடுக்கிப் பாத்தா கனம் கனம். வண்டி பின்பக்கம் உக்காந்து முன் லைட் மரத்த பாத்து அடிக்கும்.

ஸ்டிக்கர்ல ஃபுல் லோடுக்குன்னு போட்டிருக்குற நம்பர் இதுக்குத்தான். பெரும்பாலும் பின் டயருக்குத்தான் கூட வைக்கச் சொல்லியிருப்பான். அந்த நம்பருக்கு அடிச்சிட்டுக் கெளம்புங்க, லோடு எறக்குனதும் பழைய நம்பருக்குக் கொண்டாந்துருங்க. ஆனா காத்து கூட வச்சதால எவ்வளவு வேணாலும் ஏத்தலாம்னு அர்த்தம் இல்ல, வண்டி தாங்குற எடைக்குன்னு ஒரு எல்லை மேனுவல்ல இருக்கு. கல்லு லாரி சர்வீஸ்ல வரட்டும், நீங்க பலகாரத்தோட போங்க.

காத்து குறைவா, லோடு கூடுதலா, கோடை வெயில்ல, திருச்சி தாண்டி நாலுவழிச் சாலையில நூறுல போறது, இந்த நாலும் ஒண்ணா சேர்ந்தா டயர் வெடிக்க வாய்ப்பு ரொம்ப அதிகம். காத்து கம்மியான டயர் ஒவ்வொரு சுத்துக்கும் பக்கவாட்டுல அதிகமா மடங்கும், சூடு கூடும், உள்ள இருக்குற நூலும் ரப்பரும் பிரியும். வெயிலாலதான் வெடிச்சதுன்னு சொல்லுவாங்க, பாதி நேரம் வெயில் மேல பழிய போடுறோம். மைலேஜும் போகும், நாலு டயர்லயும் சராசரியா 1 பிஎஸ்ஐ குறைஞ்சா 0.2 சதவீதம் எண்ணெய் கூடச் செலவாகும்னு கணக்கு, அது சின்னதுதான். டயர் ரெண்டு ஓரமும் மொட்டையாகுறதுதான் பெரிய செலவு. குனிஞ்சு பாருங்க, ஓரம் ரெண்டும் தேஞ்சு நடு நல்லா இருந்தா ரொம்ப நாளா காத்து கம்மி, நடு தேஞ்சு ஓரம் நல்லா இருந்தா ரொம்ப நாளா காத்து கூட, ஒரே ஓரம் மட்டும் தேஞ்சா அது காத்துப் பிரச்சனை இல்ல, அலைன்மெண்ட் (சக்கரம் நேரா நிக்குதாங்கறது) பாக்கணும். பட்டன், அதாவது ரோட்ட தொடுற பக்கத்துல வெட்டு வெட்டா இருக்குற ரப்பர், அதோட ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழ போனா டயர மாத்தியே ஆகணும், காடிக்குள்ள அங்கங்க மேடு மாதிரி இருக்கும், அதுக்கு சமமா தேஞ்சிருச்சுன்னா முடிஞ்சுது.

செட்டுல நிக்கிற வண்டி

மாசத்துக்கு 1லருந்து 2 குறையும்னு சொன்னேன்ல, ஆறு மாசம் நின்ன வண்டிக்கு அத பெருக்கிப் பாருங்க. 33 வச்சுட்டுப் போன வண்டி இருபத்து சொச்சத்துல நிக்கும். ஊர்லருந்து வந்த அன்னைக்கே குடும்பத்த ஏத்திட்டு பிள்ளையார்பட்டி, குன்றக்குடின்னு கெளம்புறது சரியில்ல. முதல் நாள் காலையில கேஜ் வைங்க, வீட்டுலயே இன்ஃப்ளேட்டர்ல ஏத்துங்க, அது இல்லன்னா மெதுவா கிட்ட இருக்குற பல்க் வரைக்கும் மட்டும் போங்க. பதினஞ்சுக்குக் கீழ போயிருந்தா ஓட்டவே வேண்டாம், ரிம் டயர கடிச்சிரும், பஞ்சர் கடைக்காரர வீட்டுக்கு வரச் சொல்லுங்க.

ஒரே எடத்துல நின்னா டயர் அடிப்பக்கம் தட்டையா படிஞ்சு போகும். ஓட்டும்போது முதல் கொஞ்ச தூரம் தடதடன்னு இருக்கும், சூடானதும் பெரும்பாலும் சரியாயிரும், ரொம்ப நாள் காத்தில்லாம நின்ன டயர் சரியாகாமலும் போகலாம். அதுக்கு ஊருக்குப் போகும்போதே வழக்கமான நம்பரவிட ஒரு 4, 5 பிஎஸ்ஐ கூட அடிச்சிட்டுப் போங்க, டயர்ல போட்டிருக்குற உச்ச அளவ தாண்டாம. திரும்பி வந்ததும் ஓட்டுறதுக்கு முன்னாடி சரியான நம்பருக்குக் கொண்டாந்துக்கலாம். வீட்ட பாத்துக்கற அண்ணன்கிட்ட "அண்ணே, வாரம் ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி வைங்க"ன்னு சொல்றதோட "ரெண்டு அடி முன்ன பின்ன நகத்தி வைங்க"ன்னும் சேத்துச் சொல்லுங்க. ஸ்டார்ட் மட்டும் பண்ணா பேட்டரிக்குத்தான் ஆகும், டயர் அதே எடத்துலதான உக்காந்திருக்கும்.

இந்த வண்டிகள்ல பட்டன் புதுசாவே இருக்கும், வயசு மட்டும் ஆயிருக்கும். டயர் ஓரத்துல டாட்னு (DOT) ஆரம்பிக்கிற வரிசையோட கடைசியில நாலு நம்பர் பாருங்க, 2319னு இருந்தா 2019ஆம் வருஷம் 23வது வாரம் செஞ்சது. அஞ்சு வருஷம் தாண்டுனா வருஷா வருஷம் டயர் கடையில காட்டுங்க, பத்து வருஷம்னா பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாத்திருங்க. பக்கவாட்டுல மயிரிழை மயிரிழையா வெடிப்பு தெரிஞ்சா வயசெல்லாம் பாக்க வேண்டாம், அப்பவே மாத்த வேண்டியதுதான்.

ஒரே டயர்ல மட்டும் குறையுதா

நாலும் ஒரே மாதிரி குறைஞ்சா அது இயல்பு. ஒண்ணு மட்டும் வாரத்துக்கு 3, 4 குறைஞ்சா எங்கயோ ஓட்டை. நம்ம ஏரியாவுல முதல் சந்தேகம் சீமைக்கருவேல முள்ளு. ஊருணிக் கரையில, கல்யாண வீட்டுப் பொட்டல்ல நிப்பாட்டுனா முள்ளு ஏறி உள்ள முறிஞ்சு நிக்கும், அதுவே அடைப்பு மாதிரி இருந்து கொஞ்சம் கொஞ்சமா கசிய விடும், வெளிய பாத்தா ஒண்ணுமே தெரியாது. ரெண்டாவது சந்தேகம் ஆணி. பழைய வீடு பிரிக்கிற தெருவுல மரம் எறக்கும்போது விழுந்த துருப்பிடிச்ச ஆணி எத்தன வண்டிய பதம் பாத்திருக்குன்னு பஞ்சர் கடையில கேளுங்க.

சோப்புத் தண்ணிய கலக்கி டயர் முழுக்க, வால்வு வாயில, ரிம்மும் டயரும் சேர்ற எடத்துல ஊத்திப் பாருங்க. நுரை குமிழ் விடுற எடம்தான் ஓட்டை. வால்வுக்குள்ளருந்து குமிழ் வந்தா உள்ள இருக்குற பின்ன மாத்துனா போதும், ரொம்ப மலிவு. ரிம் ஓரத்துல வந்தா அங்க துருவோ மண்ணோ படிஞ்சிருக்கும், டயர கழட்டி சுத்தம் பண்ணி மாட்டணும். பட்டன் பகுதியில ஓட்டைன்னா ஒட்டலாம். அவசரத்துக்கு வெளியருந்து ரப்பர் குச்சி சொருகுறது சரி, ஆனா தூர ஓட்டம் ஓடுற வண்டின்னா டயர கழட்டி உள்பக்கமா மஷ்ரூம் ஒட்டு (காளான் வடிவ ரப்பர் ஒட்டு) போடச் சொல்லுங்க. ஓட்டை 6 மில்லிமீட்டருக்கு மேலன்னாலோ பக்கவாட்டுல இருந்தாலோ ஒட்டவே கூடாது, கடைக்காரர் ஒட்டித்தரேன்னாலும் வேணாம்னுருங்க. ஆணி குத்தியிருக்குறது தெரிஞ்சா ரோட்டுல பிடுங்காதீங்க, அதோடயே மெதுவா கடைக்குப் போங்க.

நைட்ரஜனும் அந்த மஞ்ச லைட்டும்

நைட்ரஜன் அடிக்கலாமான்னா அடிக்கலாம், கெடுதல் இல்ல, ஆனா சாதாரண காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். கொஞ்சம் மெதுவா கசியும், ஈரம் இருக்காது, அவ்வளவுதான். சூட்டுல ஏறாதுன்னு சொல்றது பொய். காசு குடுத்து அடிச்சவங்க மாசா மாசம் பாக்காம விட்டுர்றாங்க, அதுதான் எனக்கு அதுல புடிக்காதது. அவசரத்துக்கு அதுக்கு மேலயே சாதாரண காத்து அடிச்சா ஒண்ணும் ஆகாது.

புது வண்டியில காத்து குறைஞ்சா எரியுற மஞ்ச டயர் லைட் வருது, டிபிஎம்எஸ்னு சொல்வாங்க. அது பொதுவா கால்வாசி குறைஞ்சதுக்கு அப்புறம்தான் எரியும், 33 வைக்க வேண்டிய டயர் 25க்கு வந்ததும்தான் உங்களுக்கு சொல்லும். சில வண்டியில டயருக்குள்ள சென்சாரே கிடையாது, சக்கரம் சுத்துற வேகத்த ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டு ஊகிக்கும். செட்டுல நின்ன வண்டிக்கு நாலு டயரும் ஒரே அளவு குறைஞ்சிருந்தா அது கண்டுபிடிக்காமலே போகலாம். இந்த வகையில காத்து அடிச்சதும் மெனுவுல போயி ரீசெட் குடுக்கணும், ஆனா சரியான நம்பருக்கு அடிச்சதுக்கு அப்புறம் குடுங்க, லைட்ட அணைக்கணுமேன்னு குறைஞ்ச காத்துலயே ரீசெட் குடுத்தா அதையே சரின்னு நெனச்சுக்கும்.

ஸ்டெப்னி

நாலு டயரும் பாத்தவங்க அஞ்சாவத பாக்குறதில்ல. அதுவும் மாசா மாசம் குறையுது. மத்த டயர் சைஸ்லயே ஸ்டெப்னி இருந்தா ஃபுல் லோடு நம்பருக்கு வச்சிருங்க, எந்தப் பக்கம் மாட்டுனாலும் எறக்கிக்கலாம். மெல்லிசா சின்னதா குடுத்திருந்தா அதுக்கு நம்பர் வேற, பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ, அதுலயே எழுதியிருக்கும், வேகம் 80க்கு மேல போகக்கூடாதுன்னும் போட்டிருக்கும். அத 33ல வச்சா மாட்டுன ஒடனே அமுங்கி உக்காந்துரும். சில புது வண்டியில ஸ்டெப்னியே கிடையாது, பஞ்சர் கிட்டும் இன்ஃப்ளேட்டரும்தான், அதுல இருக்குற பசைக்கு காலாவதி தேதி உண்டு, எடுத்துப் பாருங்க.

ஸ்டெப்னி டிக்கி அடியில இருக்கும், இல்ல வண்டிக்கு அடியில தொங்கும். பலகாரத் தூக்கும் பெட்டியும் அடுக்கி முடிச்சதுக்கு அப்புறம் யாரும் அத எடுத்துப் பாக்கப் போறதில்ல, அதனால சாமான் ஏத்துறதுக்கு மொத நாளே பாத்துருங்க, ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் அதுக்குள்ள இருக்கான்னும் சேத்து.